கேட்டுப் பழகிய காதும் பழகாத கையும்

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 51. கல்பாத்தித் தேர் சமயத்துக் கச்சேரிகளை எந்த வருஷமும் தவறவிட்டதில்லை. மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது வாங்கித் தந்த வயலின் பரணில் கிடந்தது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இரண்டு மாதமாக யூடியூப் பார்த்து நானே வாசித்துப் பார்க்கிறேன். இந்த மார்கழியில் ஸ்ருதி சேர்த்து முடிப்பதற்குள் தந்தியை முறுக்கும் பிருடை நழுவிவிடுகிறது. வருகிற சத்தத்தை என்னாலேயே கேட்க முடியவில்லை. "ஏனுங்க, அந்தக் கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்கிறாள் வீட்டுக்காரி. இந்த வயதில் இது வருமா, விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: விட வேண்டாம். ஆனால் முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்து அந்த வயலினை அளந்து பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கியது என்றால் முக்கால் அளவாகவோ அரை அளவாகவோதான் இருக்கும். தலையும் கழுத்தும் நீங்கலாக, உடல் பகுதி மட்டும் 14 அங்குலம் இருந்தால் முழு அளவு. 13 அங்குலம் என்றால் முக்கால். உங்கள் விரல்களுக்கு அதில் இடம் போதாது, வேறு வாங்கத்தான் வேண்டும். முழு அளவாக இருந்தால் பழைய தந்திகளை மாற்றுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரை சாய்ந்துவிடும், உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் சின்னக் குச்சியும் விழுந்துவிடலாம். வில்லின் குதிரைமுடியைப் பூச்சி அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பரணில் கிடந்த வில்லுக்கு அது வழக்கமாக வரும் கேடு.

பிருடை நழுவுவதற்கு உங்கள் ஊர்க் காற்றும் ஒரு காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் கிழக்குக் காற்றில் ஈரம் கிடையாது. மரம் சுருங்கும், பிருடை பிடிக்காது. ஆனி, ஆடி மழையில் இதுவே ஊறி இறுகிப்போய், திருப்பவே வராது. நழுவும்போது பிருடையில் கொஞ்சம் சாக்பீஸ் பொடியும், இறுகும்போது கொஞ்சம் காய்ந்த சோப்பும் தடவுவது பழைய வைத்தியம். திருப்பும்போது வெறுமனே சுற்றாமல், உள்பக்கமாக அழுத்திக்கொண்டே திருப்புங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

இனி அந்தச் சத்தம். இத்தனை வருஷம் தேர்ந்த கைகளைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது வெகுதூரம் போய்விட்டது, கை இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் அபஸ்வரம் அவ்வளவாக உறைக்காது. சந்தோஷமாக இழுத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு ஒவ்வொன்றும் குத்துகிறது. பெரியவர்கள் பாதியில் நிறுத்துவதற்கு விரல் விறைப்பைவிட இதுதான் காரணம் என்பேன். ஆனால் வீணையைப் போல, விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக்கட்டைகள் வயலினில் கிடையாது. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். அதனால் உங்களைத் துன்புறுத்தும் அதே காதுதான் உங்கள் கைமுதல். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

சொல்கிறேன். நம் முறையில் தந்திகள் ஸ, ப, ஸ, ப, அதாவது ஷட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி. தம்புரா ஆப்பை ஓடவிட்டு, தாழ்ந்த ப-வான மந்தர பஞ்சமத் தந்தியில் விரல் வைத்து ஷட்ஜத்தைத் தேடுங்கள். இடம் சரியாக அமைந்தால், நீங்கள் தொடாத பக்கத்து ஷட்ஜத் தந்தி தானாகவே அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மயிரிழை தள்ளினாலும் அது சும்மா கிடக்கும். விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களைப் போலக் கேட்டுப் பழகியவருக்குத் தேவையே இல்லை.

கதவு கிரீச்சிடுவது விரலால் அல்ல, வில்லால். வில் குதிரைக்கு இணையாகப் போகாமல் கோணும்போதும், பயத்தில் அழுத்தும்போதும்தான் அந்தச் சத்தம். பீரோ கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையை மறந்துவிட்டு, வெறும் தந்தியில் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். காலையில் கடை திறப்பதற்கு முன் இருபது நிமிஷம், ராத்திரி இருபது நிமிஷம். ஒரு மாதத்துக்கு இது மட்டுமே. அலுப்பாகத்தான் இருக்கும். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்தி வையுங்கள், முடியைக் கையால் தொடாதீர்கள்.

அப்புறம் ஆரம்பப் பாடமான சரளி வரிசை. அதைச் சொல்லித் தரும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை ஒட்டியே இருக்கும், காந்தாரம் (க) எட்டத்தில் இருக்கும். இந்த நீட்டல் ஐம்பது வயது விரலுக்கு முதலில் வலிக்கும். வலித்தால் நிறுத்தி, கையை உதறிவிட்டு மறுபடி தொடருங்கள்.

யூடியூபை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது எந்த முறை? முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தலைமுறைக்குப் பிறகு ஸ்ருதி சேர்ப்பது, உட்காருவது எல்லாமே இங்கே மாறிப்போயிற்று. ஐரோப்பியருக்குத் தந்திகள் ஜி, டி, ஏ, இ. முகவாய்க்கடியில் இடுக்கிப் பிடிப்பார்கள். நாம் சம்மணமிட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் தாங்கவைப்போம். அதனால்தான் இடது கை சுமை இல்லாமல், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வழுக்கிப் போக முடிகிறது. இரண்டு முறையையும் கலந்து கற்றால் பிறகு அவிழ்ப்பது கஷ்டம். சம்மணமிட முழங்கால் ஒத்துழைக்காவிட்டால், ஜமக்காளத்தை மடித்து உயரமாகப் போட்டு அதன் விளிம்பில் உட்காருங்கள்.

முதல் ஆறு மாதமாவது நேரில் ஒரு ஆசிரியர் வேண்டும். மணிக்கட்டு மடங்குவதையும் தோள் தூக்குவதையும் வீடியோ பார்த்துச் சொல்லாது. பாலக்காட்டில் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது; அங்கே படித்து வீட்டில் சொல்லித் தருகிறவர்கள் யாரென்று விசாரியுங்கள். பரீட்சை எழுதும் உத்தேசம் இல்லை, வரிசைகளும் அலங்காரமும் முடித்து, எளிய பாட்டான கீதம் வரை நிதானமாகப் போகவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இந்த வயசிலா?" என்று அவர் சிரித்தால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.