காசிமேட்டுக் கரையில் எரிமலை வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அந்தமான் பக்கம் பாரன் தீவு எரிமலை மறுபடி கக்குகிறது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து ஒன்பதாவது படிக்கும் என் பையன் என்னைத் துளைத்து எடுக்கிறான். பூமியின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய பாறைத் தட்டுகள் நகர்வதால்தான் எரிமலை வருகிறதாம். நம் தட்டும் நகர்கிறதாம். அப்படியானால் ஒருநாள் காசிமேட்டிலும் வருமா என்கிறான். கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் கருங்கல்லைக் காட்டி, 'இது லாவாதானே' என்கிறான். கோடை விடுமுறைக்குக் கப்பலில் அந்தமான் போகும் யோசனையும் இருக்கிறது. போகலாமா? அவனுக்கு என்ன பதில் சொல்வது?"

பயப்பட வேண்டாம், தாராளமாகப் போய் வாருங்கள். காசிமேட்டில் எரிமலை வராது. ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி, "வராது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. ஏன் வராது என்று புரிந்தால் எரிமலை வகைகள் முழுவதும் அவனுக்குப் புரிந்துவிடும்.

முதலில் அந்தக் கருங்கல். அடுத்தமுறை எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போனால், உடைந்த முகமுள்ள ஒரு கல்லை வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய மணிமணியான படிகங்கள் பளிச்சிடும். லாவா அப்படி இருக்காது. மேலே வந்து சட்டென்று ஆறிவிடுவதால் அதன் படிகங்கள் மிகப் பொடியாக இருக்கும். வாயு வெளியேறிய ஓட்டைகளும் பல சமயம் இருக்கும். கரையில் கிடப்பவை குவாரியில் வெட்டி லாரியில் வந்த பாறைகள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்தில் இருக்கும் சார்னோகைட் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவான பாறை அது. நம் ஊர் நிற்பது அவ்வளவு பழைய, கெட்டியான அடித்தளத்தின்மேல்.

அடுத்து, கரை என்றாலே தட்டின் விளிம்பு என்று பல பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மெரினாவோ காசிமேடோ தட்டின் ஓரம் கிடையாது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது உண்டான பழைய தழும்புதான் நம் கிழக்குக் கரை. இப்போது அங்கே பிளவும் இல்லை, மோதலும் இல்லை. இந்தியத் தட்டு கரையைத் தாண்டி வங்கக் கடலின் அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் இருக்கும் நீண்ட ஆழமான பள்ளத்தில், அதாவது அகழியில்தான் முடிகிறது. சென்னை இருப்பது தட்டின் உள்பகுதியில்.

சரி, விளிம்பில் மட்டும் ஏன் எரிமலை? பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது, தட்டுகள் அதில் மிதக்கின்றன என்று படம் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதை அவன் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் கெட்டியான பாறை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று மிக மெதுவாக நெளிந்து நகரும், அவ்வளவுதான். ஆனால் கடும் சூட்டில், உருகப்போகிற நிலையில் அது காத்திருக்கிறது. உருக ஒரு சாக்கு வேண்டும்: நீர் சேர வேண்டும், அல்லது அழுத்தம் குறைய வேண்டும், அல்லது கீழிருந்து கூடுதல் சூடு வர வேண்டும். எது நடக்கிறது என்பதை வைத்தே எரிமலையின் குணமும் உருவமும் பெரும்பாலும் அமைகின்றன.

பாரன் தீவில் நடப்பது நீர் சேர்வது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிழக்கே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகழி, அங்கே இந்தியத் தட்டு அடுத்த தட்டுக்குக் கீழே சொருகுகிறது. அப்படிச் சொருகும்போது வழித்து மேலே குவிக்கப்பட்ட கடலடி வண்டலும் பாறையும்தான் அந்தமான் தீவுகளின் பெரும்பகுதி. அதையும் தாண்டி, அந்தமானின் தலைநகரிலிருந்து இன்னும் 140 கிலோமீட்டர் போல வடகிழக்கே போனால் பாரன் தீவு. சொருகிய தட்டு 100 கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டிப் போகும்போது, அது சுமந்துபோன நீர் பிழிந்து வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அப்படி உருகியது மேலே ஏறுகிறது. அதனால்தான் எரிமலைகள் அகழியின் மேலேயே இல்லாமல், தள்ளி ஒரு வரிசையாக நிற்கின்றன. வரைபடத்தில் பாரன், நார்கொண்டம் எரிமலைத் தீவு, தெற்கே சுமத்ரா, ஜாவா என்று விரலால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வகைக் குழம்பில் நீராவியும் வாயுவும் அதிகம். மேலே ஏறும் வழியில் சிலிக்காவும் (மணலில் இருக்கும் பொருள்) கூடி அது பிசுபிசுப்பாகிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். வடிகஞ்சி கொதித்தால் குமிழி சத்தமில்லாமல் வந்து போகும். கூழ் கெட்டியாகும்போது குமிழி உள்ளேயே முட்டிக்கொண்டு, வெடித்துக் கையில் தெறிக்கும். பிசுபிசுப்பான குழம்பும் அப்படித்தான் வெடிக்கிறது. சாம்பல் ஒரு அடுக்கு, லாவா ஒரு அடுக்கு என்று செங்குத்தாக உயர்வதைத்தான் பாடநூல் பல்சிட்டக் கூம்பு என்கிறது. 1815-ல் வெடித்த தம்போரா, 1883-ல் வெடித்த கிராகடோவா என்ற இந்தோனேசிய எரிமலைகள் எல்லாம் இந்த இனம். பாரனின் குழம்பு பெரும்பாலும் பசால்ட் என்ற சிலிக்கா குறைந்த ரகம், அவ்வளவு பிசுபிசுப்பு இல்லை. 1787-ல் கப்பலில் போனவர்கள் அது கக்குவதைப் பதிவு செய்தார்கள். நூறாண்டுக்கும் மேல் தூங்கிவிட்டு 1991-ல் விழித்தது. அதிலிருந்து விட்டுவிட்டுக் கக்குகிறது.

தட்டுகள் விலகும் இடத்தில் கதை வேறு. கீழே இருக்கும் பாறை மேலேறும்போது அழுத்தம் குறைந்து, அந்த ஒரே காரணத்தால் உருகுகிறது. தண்ணீராக ஓடும் பசால்ட் குழம்பு, நீண்ட வெடிப்புகள் வழியாகப் பொங்கும். உலகின் எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி இப்படிக் கடலடியில் யாரும் பார்க்காமல் வெளியேறுகிறது; ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் மட்டும் அது நிலத்தில் தெரிகிறது. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி கக்கிய சாம்பல் டெல்லி வானம் வரை வந்து விமானங்களைத் தடுத்ததே, அதுவும் ஆப்பிரிக்கா பிளந்துகொண்டிருக்கும் இடம்தான்.

மூன்றாவது, விளிம்பே தேவையில்லாத வகை. ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் சூடு மேலேறிக்கொண்டே இருக்கும், தட்டு அதன்மேல் நகர்ந்துகொண்டே போகும். ஹவாயின் மௌனா லோவா அப்படி வந்தது. இளகிய லாவா வெகுதூரம் ஓடிப் படிவதால் அகன்று தாழ்ந்த கேடய வடிவம். தட்டின் நடுவிலும் இப்படி வரலாம் என்றால் நமக்கு ஆபத்தில்லையா என்று பையன் மடக்குவான். இந்தியா ஒருகாலத்தில் இதில் மாட்டியது உண்மை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தை மூடிய தக்காண லாவா இப்படிப் பொங்கியதுதான் என்பது பரவலான கருத்து. நாம் நகர்ந்து வந்துவிட்டோம். அந்தச் சூட்டிடம் இன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது. சென்னைக்கு அடியில் அப்படி ஒன்று இல்லை.

தட்டுகள் மோதும் இடமெல்லாம் எரிமலை வரும் என்பதும் இல்லை. இரண்டு கண்டங்கள் நேருக்கு நேர் மோதும் இமயத்தில் எரிமலை வரிசை கிடையாது. கீழே சொருக நீர் சுமந்த கடல்தட்டு அங்கே மிச்சமில்லை.

"நாம் நகர்ந்து அகழிக்குப் போய்விட மாட்டோமா?" ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டுக்கு 50 கிலோமீட்டர். நேராக அங்கேயே போனாலும் இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். கணக்கை அவனே போடட்டும்.

வடசென்னையில் இருக்கும் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த விளிம்பிலிருந்து வரும் சுனாமி அலையை. எரிமலையை வளர்க்கும் அதே சொருகல்தான் 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் அதிர்ந்து காசிமேட்டிலும் எண்ணூரிலும் படகுகளைத் தூக்கி எறிந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, அகழிக்கு வெளியே கடலடி 8.6 அளவில் அதிர்ந்தும் பெரிய அலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை. சுமத்ராப் பக்கத்திலிருந்து அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 2007 முதல் ஹைதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்திலிருந்து எச்சரிக்கை வருகிறது. வந்தால் கரையைவிட்டு உள்ளே போய்விடுங்கள். கடல் உள்வாங்கினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காதீர்கள், வேடிக்கை பார்க்க இறங்கவே இறங்காதீர்கள். முதல் அலை போனதும் திரும்பக் கூடாது, அடுத்தது பெரிதாக இருக்கலாம். ஆழ்கடலில் இருக்கும் படகு அங்கேயே இருப்பதுதான் பாதுகாப்பு. துறைமுகத்துக்கு விரைந்து வருவது ஆபத்து.

அந்தமானில் பாரன் தீவைக் கப்பலிலிருந்து பார்ப்பதுதான் முறை. அது கக்கும் காலத்தில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை அங்குள்ள நிர்வாகம் சொல்லும். அதைக் கேட்டு நடங்கள். பாராதாங்கில் சேற்று எரிமலை காட்டுவார்கள். வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது, பாறைக்குழம்புக்கு அதில் வேலையில்லை. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் பரீட்சையில் எரிமலை வகை என்று அதை எழுதிவிட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.