மனிதன் வேறு, நபர் வேறு: கேள்வி பதில்

கேள்வி: மனிதனாகப் பிறந்தாலே தனி மதிப்பு உண்டு என்பதில் என்ன தவறு?

பதில்: எதை வைத்து மனிதன் என்கிறீர்கள்? மரபணுவை வைத்தா? ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து 1951இல் எடுத்த செல்கள், 'ஹீலா செல்கள்' என்ற பெயரில், இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. அவையும் மனிதச் செல்கள்தான். வேலை முடிந்ததும் ப்ளீச் ஊற்றிக் கொட்டுகிறார்கள், யாரும் கொலை என்பதில்லை. அந்தக் கதையில் அநியாயம் நடந்தது நிஜம். ஆனால் அது கேட்காமலே செல் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு நடந்தது, செல்லுக்கு அல்ல.

கேள்வி: விலங்குக்கு ஐந்தறிவு, நமக்கு ஆறறிவு. அது போதாதா?

பதில்: ஆறாவது அறிவால் நம் கடமை கூடும். ஐந்தறிவு என்பதால் அதன் வலி குறையாது.

கேள்வி: அறிவு இல்லாத பச்சைக் குழந்தையை என்ன செய்வீர்கள்?

பதில்: 'அறிவே அளவுகோல்' என்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். என் அளவுகோல் உணர்வு. ஒரு எச்சரிக்கை: மனிதன் என்பது உயிரியல் சொல். நபர் என்பது, ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் சொன்ன பொருளில், நேற்றும் இன்றும் இருப்பது தானே என்று அறிகிற ஒன்று. இரண்டையும் குழப்பாதீர்கள். நபர் ஆகாவிட்டால் மதிப்பே இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

என் பாட்டிக்குக் கடைசி இரண்டு வருடம் தன் பெயரே தெரியாது. லாக்கின் கணக்கில் அவர் நபரா என்பதே சந்தேகம். ஆனால் தலைவாரும்போது சீப்பு சிக்கில் இழுபட்டால் முகம் சுளிப்பார். நான் கையை நிறுத்துவேன். அந்தச் சுளிப்பே போதும்.

கேள்வி: அது உங்கள் பாட்டி என்பதால். நாய் என்றால்?

பதில்: நல்ல அடி. ஆனால் முன்பின் தெரியாத கிழவி சுளித்தாலும் நிறுத்துவேன், நாய்க்கு முடி வாரினாலும் நிறுத்துவேன். யார் தலைவார வேண்டும் என்பதை உறவு சொல்லும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வலி சொல்லும்.

கேள்வி: விடமாட்டேன். சுளிப்பே இல்லாமல், உணர்வே திரும்பாமல் கிடப்பவர்?

பதில்: முன்பு அவருக்கு இருந்த விருப்பங்களை மதிக்கிறோம் என்பேன். பிறந்ததிலிருந்தே உணர்வில்லாதவர் என்றால் அதுவும் கைகொடுக்காது. என் வாதம் நொண்டுகிற இடம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். 'மனிதன் என்பதே போதும்' என்பவர்களுக்கு இங்கே பதில் சுலபம், ஆனால் ஹீலா செல்லிடம் போனதும் அவர்களும் நொண்டுவார்கள்.

கேள்வி: யானை நபரா?

பதில்: நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஹேப்பி என்ற யானை, 2005இல் கண்ணாடியில் பார்த்துத் தன் தலையில் போட்ட வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. கண்ணாடியில் தெரிவது தானே என்று அதற்குப் புரிந்திருக்கிறது. 2022இல் அதன் விடுதலை வழக்கை, யானை சட்டப்படி நபர் அல்ல என்று, அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 5-2 என்று தள்ளுபடி செய்தது. நியூசிலாந்தின் வாங்கநூயி ஆறோ 2017 முதல் சட்ட நபர்! சட்ட நபர் என்பது உரிமையும் பொறுப்பும் சுமத்த ஒரு வசதி. ஆற்றுக்கு வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவதாக இதையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: அப்போ கறி சாப்பிடலாமா?

பதில்: உங்கள் தட்டுக்கு நான் நீதிபதி இல்லை. அடுத்தது.

கேள்வி: நண்டுக்கும் வலிக்கும் என்பீர்களோ?

பதில்: பிரிட்டனின் 2022 சட்டம் நண்டு, ஆக்டோபஸ் இரண்டையும் உணர்வுள்ளவை பட்டியலில் சேர்த்திருக்கிறது. கொசுவைக் கேட்காதீர்கள், எனக்கே குழப்பம்.

கேள்வி: ஆனாலும் ஐயா, ஆறறிவு நமக்கு மட்டும்தானே?

பதில்: மேலே. இரண்டாவது பதில்.