சுருட்டைப் பற்றவைக்கும் முன் அதன் நுனியை ஏன் வாட்டுகிறார்கள்?

வாட்டுதல் என்பது, சுருட்டை வாயில் வைத்து இழுப்பதற்கு முன்பே அதன் திறந்த நுனியைத் தீக்கொழுந்து தொடாத உயரத்தில் பிடித்து, மெல்லச் சுழற்றி, விளிம்பு முழுவதும் ஒரே சீராகக் கருகும்வரை சூடேற்றுவதாகும்.

கியூபாவின் ஹவானா சுருட்டு போன்று கையால் உருட்டப்பட்டவற்றில், உள்ளே நிரப்பிய இலை, அதைக் கட்டி நிறுத்தும் இலை, வெளியே மெல்லிய மேலிலை என மூன்று அடுக்குகள் உண்டு. அவற்றை ஏறத்தாழ 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் பாதுகாப்பதால், தடித்த உட்பகுதி எளிதில் தீப்பிடிக்காது. மேலிலையோ சட்டென்று பற்றிக்கொள்ளும். நேராகத் தீயில் நுழைத்து வேகமாக இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் எரிந்து ஓடுவதும், புகை கசப்பதும் இதனால்தான். அப்பளத்தைத் தணலில் சுடுபவர், அதை நெருப்புக்குள் போடாமல் திருப்பித் திருப்பிக் காட்டுவதைப் போன்ற பொறுமையான வேலை இது.

வாட்டிய பிறகு சுழற்றியபடியே மெதுவாக இழுத்து, நுனியை லேசாக ஊதிப் பார்த்தால், கனல் படராத இடம் தெரிந்துவிடும். மணமற்ற பியூட்டேன் லைட்டர் இதற்கு ஏற்றது. தீக்குச்சியானால் தலையிலுள்ள மருந்து எரிந்து தீரும்வரை பொறுக்க வேண்டும். பெட்ரோல் லைட்டரின் வாடை இலையில் ஏறிவிடும்.

ஒருபக்கமாக எரியும் சுருட்டு மட்டமான சரக்கு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உருட்டியதில் குறை இருப்பதும் உண்டு என்றாலும், பல நேரங்களில் குற்றம் பற்றவைத்தவரின் அவசரத்தில்தான் இருக்கிறது.