பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தில் லாஃப்ட் வீடு வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் அம்பாசமுத்திரம். சிகாகோவில் வேலை பார்க்கும் என் தம்பி, பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தை வீடுகளாக மாற்றிய இடத்தில் ஒரு லாஃப்ட் விலைக்கு வந்திருக்கிறது என்கிறான். முன்பணத்துக்கு வயலை விற்று அனுப்பலாம் என்கிறார் அப்பா. வாங்கலாமா?

நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், விக்கிரமசிங்கபுரம். என் மகள் ஆறு வருஷத்துக்கு முன்னால் சிகாகோவில் இதே மாதிரி ஒரு வீடு வாங்கினாள். இரண்டு தடவை போய் மொத்தம் ஏழு மாதம் அதில் தங்கியிருக்கிறேன், அதில் ஒரு தடவை முழுப் பனிக்காலம். அங்கே பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் அலமாரிக்கு மேலே வெண்கலப் பானையையும் பழைய பாயையும் ஏற்றி வைக்கிற இடம், பரண். அங்கே அது தொழிற்சாலையிலோ கிடங்கிலோ தடுப்பே இல்லாமல் கிடக்கும் மேல்தளம். நியூயார்க்கில் சோஹோ பகுதியில் தொழில்கள் போய்க் காலியான தளங்களில் 1960களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். அப்போது அங்கே குடியிருக்கச் சட்டத்தில் இடமில்லை. 1971இல் கலைஞர்களுக்கு மட்டும் அனுமதித்தார்கள், 1982இல் அப்படிக் குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பாக லாஃப்ட் சட்டம் வந்தது. சிகாகோவில் அச்சகங்கள் வரிசையாக இருந்த பிரிண்டர்ஸ் ரோ பகுதி 1970களின் கடைசியிலிருந்து வீடுகளாக மாறியது. மகள் வீடும் அந்தப் பக்கம்தான், ஒரு காலத்தில் புத்தகம் அச்சடித்த கட்டிடம்.

முதல் நாள் உள்ளே போனதும் நடு வீட்டில் நின்ற மரத்தூணைத்தான் தொட்டேன். ஒரு அடிக்கு ஒரு அடி கனம், ஒரே மரம். அதில் பழைய ஆணித் துளைகள், எதையோ உரசி உரசி வழவழப்பாகிப் போன ஒரு மூலை. என் அப்பா எங்கள் ஊர் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். 1880களில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி மலையடிவாரத்தில் ஆரம்பித்த மில் அது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவர் புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா வாசலிலேயே துண்டை நீட்டுவாள். அந்த வழவழப்பான மூலையைத் தடவியபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. இப்படி ஒரு கட்டிடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று மனசு நிறைந்துபோனது.

ஆனால் வாங்கப் போகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மெஷின் ஓடுவதற்கென்று கட்டின கட்டிடம் அது. அதில் பிடிப்பதும் பிடிக்காததும் இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஜன்னல் பெரிசாக இருப்பது மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் பகல் வெளிச்சத்தில் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. கூரை உயரம், மேலே மெஷின்களை ஓட்டும் பெல்ட்டும் தண்டும் சுழலவும் வெக்கை தங்காமல் இருக்கவும். உத்தரங்கள் அவ்வளவு கனமாக இருப்பதற்குப் பாரம் மட்டும் காரணமில்லை. தீப்பிடித்தால் கனத்த மரம் மேலாகத்தான் கருகும், உள்ளே பலம் உடனே போகாது. அதற்காகவே அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். நம் பக்கத்து மில்கள் பெரும்பாலும் தரையோடு பரந்த ஷெட்டுகள் என்பதால் இந்த மாதிரி வீடு நமக்குப் பழக்கமே இல்லை. சிகாகோவில் நிலம் விலை, ரயிலடி பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் மாடி மேல் மாடி ஏற்றினார்கள்.

இனி அங்கே குடியிருக்கும் கஷ்டம். சத்தத்தை முதலில் சொல்ல வேண்டும். மரத்தளம் ஆனதால் மேல் வீட்டுக்காரர் குதிகால் ஊன்றி நடப்பது நம் தலைமேல் நடப்பது மாதிரிதான். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் நாற்காலியை இழுத்தால் எனக்கு முழிப்பு வந்துவிடும். கான்கிரீட் தளம் போட்ட லாஃப்ட்டுகளும் உண்டு, அவற்றில் இது குறைவு. தம்பி பார்த்தது மரமா கான்கிரீட்டா என்று கேளுங்கள். பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம் சமையல். படுக்கையறைச் சுவர் கூரை வரை போகாது, பாதியில் நிற்கும். அந்த அறைக்குத் தனி ஜன்னல் இல்லாததால் வெளிச்சமும் காற்றும் மேலே வழியாக வரட்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள். சொதிக்குத் தாளித்தால் வாசம் மெத்தை வரை போகும். ஒரு நாள் நெத்திலிக் கருவாடு வறுத்தேன், மகள் மூன்று நாள் தன் ஆபீஸ் உடுப்புகளை வெளியே தோழி வீட்டில் வைத்திருந்தாள். அடுப்புக்கு மேலே இருக்கிற மின்விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று பார்ப்பது நம்மைப் போலச் சமைக்கிறவர்களுக்கு ரொம்ப முக்கியம்.

செங்கல் சுவரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், பணம் போவது அதில்தான். படத்தில் பூசாத செங்கல் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் வீடாக மாற்றும்போது பழைய பெயின்ட்டை எடுக்க மணலை வேகமாகப் பீய்ச்சியிருந்தால், சூளையில் வெந்து இறுகின மேல்தோல் போய்விடும், உள்ளே இருக்கிற மெத்தென்ற செங்கல் தண்ணீரை உறிஞ்சும். மகள் வீட்டில் ஜன்னல் திட்டைத் தினம் காலையில் துடைப்பேன், துணியில் சிவப்புப் பொடி வரும். வெளிச்சுவரில் இறங்கின ஈரம் பனியில் உறைந்து விரிந்தால் செங்கல் பொரிந்து உதிர்கிறது. நம் ஊரில் சுண்ணாம்புக் காரை வீட்டுக்குச் சிமென்ட் பூசிச் சுவரைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பழைய மெத்தென்ற செங்கலின் இடுக்குகளில் கெட்டியான சிமென்ட் அடைத்தால் சிமென்ட் நிற்கும், செங்கல் உடையும். போதாததற்கு அந்தச் சுவர்களில் குளிர் தடுக்கும் அடுக்கும் கிடையாது. ஜனவரியில் சுவரோரம் கட்டிலைப் போட்டு என்னால் படுக்க முடியவில்லை.

வாங்கின இரண்டாம் வருஷமே வெளிச்சுவரைப் பழுதுபார்க்க என்று பராமரிப்புக்குக் கட்டும் மாதச் சந்தாவுக்கு மேலே ஒரு பெரிய தொகையை, வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த கட்டிடச் சங்கம் கேட்டது. மகளின் மூன்று மாதச் சேமிப்பு போயிற்று. சிகாகோவில் 80 அடிக்கு மேல் உயர்ந்த கட்டிடங்களின் வெளிச்சுவரை இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதித்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, குறை கண்டால் எல்லா வீட்டுக்காரரும் பங்கு போட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பேச்சு முந்தின வருஷச் சங்கக் கூட்டக் குறிப்பிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் வாங்கிப் படிக்கவில்லை. சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலச் சட்டப்படி, விற்கிறவர் மூலமாகச் சங்கத்தின் சேமநிதி எவ்வளவு, வரப்போகும் பெரிய செலவுகள் என்ன, வழக்கு உண்டா என்று கேட்டு வாங்கலாம். இங்கே நாம் வில்லங்கச் சான்றிதழும் தாய்ப்பத்திரமும் பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவோமா? அங்கே இந்தக் காகிதங்கள் அந்த இடத்தில் இருக்கின்றன. கடன் கொடுக்கும் வங்கியும் இவற்றைப் பார்க்கும்.

வயலைப் பற்றிக் கேட்டீர்கள். பணம் அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் எனக்குக் கேட்டால், முன்பணத்துக்காகக் கால்வாய்ப் பாசனமுள்ள நஞ்சையை விற்க வேண்டாம். இந்த வீட்டில் வாங்கின பிறகும் செலவு வரும், அப்போது விற்க இன்னொரு வயல் இருக்காது. தம்பி தன் சம்பளத்தில் முன்பணமும் சேர்த்து, அதற்கு மேல் ஒரு வருஷச் சந்தா அளவுக்குக் கையிருப்பும் வைக்க முடிந்தால் தாராளமாக வாங்கட்டும்.

மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், விற்கிற எண்ணமில்லை. அங்கே காலை எட்டு மணிக்கு அந்தப் பெரிய ஜன்னல் வழியாக வெயில் சரிந்து தூணில் விழும். அந்த நேரத்தில் எனக்கு வீடியோ காலில் வந்து, தூணில் சாய்ந்துகொண்டுதான் பேசுவாள்.