ஒரே பைப்புக்கு கடைக்கு கடை விலை ஏன் மாறுது? ஹார்டுவேர்ஸ் கடைக்காரனோட பதில்

ஒரு இன்ச் சிபிவிசி பைப்புக்கு (வீட்டுல தண்ணி லைனுக்கு போடற, வெந்நீரும் தாங்கற பிளாஸ்டிக் பைப்பு) ஒரு கடைல ஒரு விலை, அடுத்த தெருவுல வேற விலை, ஆன்லைன்ல இன்னொரு விலை, இதுல யார் ஏமாத்தறாங்கன்னு கேட்ருக்கீங்க. வீடு கட்டிட்டு இருக்கீங்கன்னு நெனைக்கிறேன், அநேகமா சுவத்த வெட்டி லைன் போடற கட்டத்துல இருப்பீங்க, அப்பதான் எல்லாருக்கும் இந்த சந்தேகம் வரும். மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊர்ல அப்பா காலத்துலேர்ந்து ஹார்டுவேர்ஸ் கடை வெச்சிருக்கோம், அதனால "ஏமாத்தறாங்க"ங்கற வார்த்தைய படிச்சுட்டு சும்மா போக முடியல. ஏமாத்தறவனே கிடையாதுன்னு சொல்ல வரல, அத கீழ சொல்றேன். ஆனா முக்கால்வாசி நேரம் விலை மாறுதுன்னா பொருளே மாறியிருக்கும்.

எங்க கஸ்டமர் ஒருத்தர், வயசானவர், பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்கறார், பணம் அனுப்பி ஊர்ல வீடு கட்டறாங்க. நான் குடுத்த கொட்டேஷன பெரியவர் பையனுக்கு வாட்ஸாப்ல அனுப்ப, பையன் அங்கேர்ந்து ஆன்லைன் விலைய ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டாரு. பெரியவர் கடைக்கு வந்து போன நீட்டிட்டு, "தம்பி, நீங்க தப்பா நெனைக்கக்கூடாது, அவன்தான் கேக்க சொன்னான்"னு தயங்கி தயங்கி சொல்றாரு. எனக்கு அவர் மேல கோவமே இல்ல. ஐயா உக்காருங்கன்னு சொல்லிட்டு பையனுக்கு வீடியோ கால் போட்டேன். தம்பி, அந்த படத்த பெருசாக்கி பைப்பு மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிங்கன்னேன். எஸ்டிஆர் 13.5னு படிச்சாரு. நான் கொட்டேஷன்ல போட்டிருந்தது எஸ்டிஆர் 11.

இந்த நம்பர் என்னன்னா, பைப்போட வெளி விட்டத்த சுவரோட கனத்தால வகுத்தா வர்றது, அதனால நம்பர் கம்மியா இருந்தா பைப்பு கனம். ஒரு இன்ச் சிபிவிசிக்கு வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர், 11ல சுவர் கனம் குறைஞ்சது 2.6, 13.5ல 2.1. அரை மில்லிதானேன்னு தோணும், கணக்கு போட்டு பாருங்க, ஒரே நீளத்துக்கு ஆறுல ஒரு பங்குக்கு மேல பொருள் கம்மி. ரெண்டுத்துலயும் துண்டு வெட்டி பெரியவர் கைல குடுத்தேன், அவரே தடவி பாத்துட்டு தலையாட்டினாரு. 13.5 மோசமான பைப்புன்னு நான் சொல்லல, அதுவும் ஐஎஸ் 15778ங்கற இந்திய தர நிர்ணயத்துப்படி வர்ற பைப்புதான், தாங்கற பிரஷர் கம்மி, விலையும் கம்மி. அது போக அந்த ஆன்லைன் விலைல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்க்கல, அதாவது 100 ரூபான்னு பாத்தது 118. லாரி வாடகை தனி. நீளமும் பாக்கணும், சிபிவிசி 3 மீட்டர்லயும் வருது 5 மீட்டர்லயும் வருது, "ஒரு பைப்பு என்ன விலை"ன்னு கேட்டா ரெண்டு கடைக்காரங்களும் வேற வேற நீளத்துக்கு விலை சொல்லியிருக்கலாம்.

பாத்ரூம் வேஸ்ட் லைனுக்கு போடற எஸ்டபிள்யூஆர் பைப்புலயும் இதே கததான், 4 இன்ச்சுல டைப் ஏ சுவர் 2.2 மில்லி, டைப் பி 3.2 மில்லி. ஏ மழைத்தண்ணிக்கும் காத்துப்போக்கிக்கும், கக்கூஸ் லைனுக்கு பி தான் போடணும். கொட்டேஷன்ல வெறும் "4 இன்ச் எஸ்டபிள்யூஆர்"னு எழுதி ஏ விலைய போட்டா அந்த கடை சீப்பா தெரியும். இத நான் ஏமாத்துன்னுதான் சொல்லுவேன். விவசாய பைப்புல 4 கேஜி, 6 கேஜின்னு சொல்றது பைப்போட எடை இல்ல, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்ளோ அழுத்தம் தாங்கும்ங்கறது, அத சொல்லாம விலை கேட்டாலும் சண்டைலதான் முடியும்.

சரி, எல்லாமே ஒண்ணு, அதே கம்பெனி, அதே கிளாஸ் (அதாவது தாங்கற பிரஷர் வகை), அப்பவும் விலை மாறுதேன்னு கேப்பீங்க. மாறும். கம்பெனி ஒரு லிஸ்ட் விலை போடுவான், அதுலேர்ந்து டீலருக்கு இத்தன சதவீதம் கழிவு, டார்கெட் அடிச்சா மேல கொஞ்சம், உடனே பணம் கட்டினா இன்னும் கொஞ்சம். திருச்சில லோடு லோடா எறக்கற கடைக்கு கிடைக்கற கழிவு, அவர்கிட்டயோ டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டயோ குட்டியானைல ஏத்திட்டு வர்ற எனக்கு கிடைக்காது. பைப்பு செய்யற மூலப்பொருளான பிவிசி ரெசின் நம்ம நாட்டுக்கு பாதிக்கு மேல வெளிநாட்டுலேர்ந்து வருது, அங்க விலை ஆடுனா இங்க கம்பெனி விலைய மாத்திடுவான், 2021ல ஏறுன ஏத்தம் இந்த தொழில்ல இருக்கற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய சரக்கு வெச்சிருக்கவன் ஒரு விலை சொல்லுவான், நேத்து எறக்கினவன் ஒரு விலை சொல்லுவான், ரெண்டு பேருமே நியாயமாதான் சொல்றாங்க.

அப்புறம் ஃபிட்டிங்ஸ், அதாவது பைப்ப இணைக்கற எல்போ, டீ மாதிரி சாமான். சிங்கப்பூர் தம்பி விவரமான ஆளு, பைப்பு புரிஞ்சதும், "சரிண்ணே, எல்போவும் டீயும் ஏன் இவ்ளோ வித்தியாசம்"னு கேட்டாரு. நேராவே சொன்னேன், பைப்புல எல்லாரும் விலை விசாரிக்கறதால அதுல ஒண்ணும் நிக்காது, எங்களுக்கு மிச்சம் ஃபிட்டிங்ஸ்லதான். ஆனா வேல முடிஞ்சு மீந்த எல்போ, கப்ளர் எல்லாத்தையும் அழுக்கு படாம கொண்டாந்தா நான் எடுத்துக்கிட்டு பணத்த கழிச்சிடறேன், பாதி வேலைல ஒரு முக்கா இன்ச் பிராஸ் எல்போ பத்தலன்னா பையன அனுப்பி குடுத்து விடறேன், அந்த செலவெல்லாம் இதுலதான் இருக்கு. கடைசில பைப்பும் ஃபிட்டிங்ஸும் எங்கிட்ட எடுத்தாங்க, டேப் (தண்ணி தொறக்கற குழாய்) எல்லாம் திருச்சில பாத்து வாங்கினாங்க, அது அவங்க இஷ்டம், அங்க இருக்கற அளவுக்கு மாடல் நான் வெக்க முடியாது.

பிளம்பர் கமிஷன பத்தி யாராவது கட்டாயம் கேப்பீங்க. பல கடைல உண்டு, அது உங்க பில்லுலேர்ந்துதான் போகுது. கம்பெனிங்களே பிளம்பருக்கு பாயிண்ட் ஸ்கீம் வெச்சிருக்காங்க. ஆனா பிளம்பர் வேலைய விட்டுட்டு உங்க கூட கடைக்கு வந்து சாமான் எடுத்து குடுக்கறாரே, அந்த அரை நாள் கூலிய யாரு குடுக்கறா? நீங்க அத தனியா பேசி குடுத்துட்டா கமிஷன் இல்லாத விலைய கேக்கற உரிமை உங்களுக்கு வந்துடும்.

டெல்டால இன்னொரு விஷயம், கடன். ஜூன்ல மேட்டூர் அணை தொறக்கறதுக்கு முன்னாடி போர் போட, மோட்டார் மாத்த பைப்பு வாங்கிட்டு போறவங்க சம்பா அறுத்து காசு வந்தப்புறம் தை மாசி வாக்குலதான் குடுப்பாங்க. அது வரைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நான் கட்டியாகணும். அதனால ரொக்க விலை வேற, நோட்டுல எழுதி கடனா குடுக்கற விலை வேற. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப மாடில இருந்த டேங்கெல்லாம் பறந்து வயல்ல கெடந்துச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வீடு வீடா தண்ணி ஏத்தினாங்க. குடோன்ல இருந்த டேங்கு, பைப்பு, வால்வு எல்லாத்தையும் பழைய விலைக்கே குடுத்தேன், பாதி பேருக்கு நோட்டுல எழுதிட்டுதான். தென்னை சாஞ்சு போனவங்ககிட்ட போய் பாக்கி கேக்க மனசு வரல. இத பெருமைக்குதான் சொல்றேன், சொல்லக்கூடாதா?

இப்ப அதே ஆளுங்க பஸ் ஏறி தஞ்சாவூர் போயி வாங்கறாங்கன்னு வருத்தம் இருக்கு, ஆனா அத விட பெரிய வருத்தம் அந்த பஸ்தான். ராத்திரி திரும்பி வர்றப்ப ஏறும்போதே "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்தான்"னு சொல்லிடறாங்க. லைட்டு இல்லாத எடத்துல பொம்பளைங்களும் கைப்புள்ளைங்களும் மூட்டையோட எறங்கி ஆட்டோவுக்கு நிக்கிறாங்க, பஸ் டிக்கெட்ட விட ஆட்டோ கூலி ஜாஸ்தி. மனு குடுத்து குடுத்து அலுத்துப்போச்சு. கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா எங்க ஊர் கடைத்தெரு காத்தாடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டேப்புக்கு வர்றேன். பித்தளை டேப்புல விலை மாறறதுக்கு பாதி காரணம் எடை. நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு வாங்கறப்ப கைல தூக்கி பாத்து, கிலோ கணக்குல வாங்கற நம்ம ஜனங்க, டேப்பு வாங்கறப்ப மட்டும் பளபளப்ப பாத்து வாங்கறாங்க. ரெண்டு கடை டேப்பையும் தராசுல வெக்க சொல்லுங்க, ஒரே அளவு டேப்புல ஒண்ணு ரொம்ப லேசா இருந்தா, மேல குரோம் பூசி உள்ள வேற உலோகமோன்னு சந்தேகப்படலாம்.

அடுத்த தடவ விலை கேக்கறப்ப கம்பெனி பேரு, எஸ்டிஆர் இல்லன்னா கிளாஸ், ஒரு நீளம் எத்தன மீட்டர், ஜிஎஸ்டி சேர்த்தா, வீட்டுல எறக்கறதுக்கு தனியா, மீந்தத திருப்பி எடுப்பாங்களா, இவ்ளோத்தையும் பேப்பர்லயே எழுதி வாங்கிடுங்க. பைப்புக்கு மட்டும் விலை பாக்காதீங்க, முழு லிஸ்ட்டோட மொத்தத்த பாருங்க. உங்ககிட்ட இருக்கற ரெண்டு கொட்டேஷனையும் கடை பேர மறைச்சுட்டு கமெண்ட்ல போடுங்க, எங்க வித்தியாசம் வருதுன்னு ஒவ்வொரு வரியா பாத்து சொல்றேன்.