ஜப்பானில் விலாங்கு மீன் விருந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஒரே ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன், நரிதாவில். பலருக்கு அது விமான நிலையத்தின் பெயர் மட்டுமே. ஆனால் அங்கே நரிதாசான் கோயிலுக்கு இறங்கும் பழைய கடைத்தெருவில் நடந்தால், கரியில் சுடும் விலாங்கின் வாசனை கையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு கடையின் வாசலிலேயே மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வழுக்கி ஓடும் விலாங்கின் தலையில் ஓர் ஆணியை அடித்துப் பலகையோடு நிறுத்தினார் ஒரு பெரியவர். கத்தி முதுகில் இறங்கி வால்வரை ஒரே இழுப்பில் போனது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. இவரிடம் இரண்டையும் காட்ட அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

டோக்கியோ வட்டாரத்தில் முதுகைக் கீறி, சுட்டு, ஆவியில் வேகவைத்து, மறுபடி சுடுவார்கள். ஒசாகா பக்கம் வயிற்றைக் கீறி, ஆவி காட்டாமல் சுடுவார்கள். ஒசாகாவுடையது மொறுமொறுப்பு, டோக்கியோவுடையது பஞ்சு.

உட்கார்ந்த பிறகு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நல்ல கடைகளில் இதெல்லாம் சகஜம். அதற்குள் சிறு தட்டுகள் வந்தன: எண்ணெயில் பொரித்த முதுகெலும்பு (நம் அப்பளம்போல் நொறுங்கியது), வெள்ளரியும் விலாங்கும் சேர்த்த புளிக்காடி கலவை, முட்டைச் சுருளுக்குள் விலாங்கு வைத்த 'உமாகி'. பச்சையாக எதுவும் வராது. விலாங்கின் இரத்தத்தில் நச்சு உண்டு, சூட்டில்தான் அது முறியும்.

பிறகு வந்தது 'ஷிராயாகி'. சாறு எதுவும் தடவாமல் சுட்ட விலாங்கு, ஓரத்தில் துளி வசாபி என்ற காரமான பச்சை விழுது. நாக்கில் வைத்ததும் கொழுப்பு கரைந்தது. மண் வாடை துளியும் இல்லை. விருந்தின் உச்சம் இதுதான் என்பேன். அடுத்து வந்த 'உனாஜூ' எல்லோரும் படம் பிடிக்கும் சங்கதி: அரக்குப் பெட்டியில் சோறு, அதன்மேல் சோயா சாறு பூசிச் சுட்ட மீன், தூவிக்கொள்ள சான்ஷோ மிளகுப் பொடி. நாக்கு லேசாக மரத்துப்போகும். ருசிதான், ஆனால் அந்த இனிப்புச் சாற்றைப் பூசினால் எந்த மீனும் பாதி தேறிவிடும். கூடவே மீனின் ஈரலும் குடலும் மிதக்கும் தெளிந்த சூப். சிறு கசப்பு, எனக்குப் பிடித்தது. உடன் வந்த நண்பர் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

விலை? பத்தாயிரம் யென்னுக்கு மேல் ஆனது. பண்ணை மீன்தானே, ஏன் இவ்வளவு என்று தோன்றும். பண்ணையில் வளர்ப்பதும், ஆற்று முகத்துவாரங்களில் பிடித்த கண்ணாடி போன்ற குஞ்சுகளைத்தான். அவை பிறப்பது மரியானா தீவுகளுக்கு மேற்கே, நடுக்கடலில். குஞ்சு வரத்துக் குறைந்தால் விலை ஏறிவிடும். 2014 முதல் ஜப்பானிய விலாங்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் நான் இரண்டாம் முறை போகவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் முழு விருந்து வேண்டாம். இருவராகப் போங்கள். ஒரு ஷிராயாகி, ஒரு உனாஜூ வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஷிராயாகியை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள்.