பின்பக்க ஒயரிங்: கம்பளம் விரிக்கும் முன்

கேள்வி: பழைய கன்வெர்டிபிள் (கூரையை மடக்கும்) காரை முழுவதும் பிரித்து, டிங்கரிங், பெயிண்ட் வேலை எல்லாம் முடித்துவிட்டேன். புதிய பின்பக்க ஹார்னஸும் (மொத்தமாகக் கட்டிவைத்த ஒயர்க் கட்டு) வந்துவிட்டது. பழையது எந்த வழியாகப் போனது என்று குறித்துவைக்கவில்லை. எப்போது போடுவது, எந்த வழியாகப் போடுவது?

பதில்: இப்போதே போடுங்கள். பெயிண்ட் நன்றாக இறுகியிருக்க வேண்டும். தரையில் ஒட்டும் சத்தத் தடுப்பு ஷீட்டை ஒட்டி முடித்திருக்க வேண்டும். கம்பளம், சீட், பக்கவாட்டு டிரிம், கூரைத் துணி எதுவும் ஏறியிருக்கக் கூடாது. கூரையின் இரும்புச் சட்டம் மட்டும் துணியில்லாமல் தன் இடத்தில் பொருந்தியிருக்க வேண்டும். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

வழியை பாடியே காட்டிக்கொடுக்கும். மேற்கூரை உள்ள கார்களில் சில, கதவுக்கு மேலே கூரை ஓரமாக ஒயரைப் பின்னால் கொண்டுபோகும். உங்கள் காருக்கு அந்த வசதி இல்லை, தரை வழிதான். டேஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கும் பக்கச் சுவரில் இறங்கி, கதவுக்குக் கீழுள்ள ஸில்லின் உட்பக்கத்தை ஒட்டித் தரையில் ஓடி, பின் சக்கர வளைவின் மேல் ஏறி, பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள தகட்டின் ஓட்டை வழியாக டிக்கிக்குள் நுழையும். ஸில் ஓரத்தில் விரலால் தடவிப் பாருங்கள். விரல் அகலத்தில், மடக்கிவிடத் தோதான சிறு தகட்டு நாக்குகள் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். பெயிண்ட்டுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தாலும் கைக்குத் தட்டுப்படும். அவை எந்தப் பக்கம் வரிசையாக இருக்கின்றனவோ அதுதான் பழைய பாதை. கூடவே டேஷ்போர்டுக்கு அடியில் பிளக் எந்தப் பக்கம் தொங்குகிறது என்றும் பாருங்கள்.

அடுத்து ஹார்னஸை வெளியே தரையில் நீளமாக விரியுங்கள். டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், பெட்ரோல் டேங்க் ஃப்ளோட் (டேங்க்கின் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவை) ஆகியவற்றுக்குக் கிளை பிரியும் இடங்கள்தான் உங்களுக்கு அளவுகோல். பின்னால் கிளைகள் அளவாக வெட்டப்பட்டிருக்கும், முன்னால்தான் கொஞ்சம் நீளம் தாராளமாக இருக்கும். அதனால் டிக்கியிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள். மிச்ச நீளம் டேஷ்போர்டுக்கு அடியில் சேரட்டும். முன்னாலிருந்து தொடங்கினால் கடைசியில் ஒரு டெயில் லைட்டுக்கு அரை அடி ஒயர் போதாமல் நிற்கும்.

ஓட்டை சிறிதாகவும் பிளக் பெரிதாகவும் இருந்தால் ஒயரை வெட்டாதீர்கள். பிளக்கை இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டெர்மினலின் பூட்டு நாக்கையும் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி உருவி எடுங்கள், நுழைத்தபின் திரும்பச் செருகுங்கள். தகட்டு ஓட்டை எதுவானாலும் ரப்பர் க்ரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) போட்ட பிறகே ஒயர் நுழைய வேண்டும். வெறும் தகட்டின் விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டர் அதிர்விலேயே ஒயரின் தோலை அறுத்துவிடும்.

இந்த வகைக் காரில் தப்பு நடப்பது பெரும்பாலும் பின் சக்கர வளைவில்தான். கூரைச் சட்டத்தின் முக்கியக் கீல் அங்கே இருக்கிறது, பின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கையும் அங்கேதான் அசைகிறது. சட்டம் மேலே இருக்கும்போது தாராளமாகத் தெரியும் இடம், மடக்கியதும் கத்தரி வாயாக மாறிவிடும். ஆகவே ஹார்னஸுக்கு முன் அதே தடிமனுள்ள கயிறு ஒன்றை அந்தப் பாதையில் வைத்து டேப் ஒட்டுங்கள். சட்டத்தின் கீல்களிலும் கண்ணாடிக் கையிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, கூரையைப் பத்து முறை மெதுவாக மடக்கி விரியுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். கயிற்றில் எங்கேயாவது வெள்ளைத் தடம் விழுந்தால் பாதையை அங்கே மாற்றியாக வேண்டும். இதைத் துணி மாட்டிய பிறகு செய்ய முடியாது. சட்டத்தை முதலில் பொருத்தச் சொன்னது இதற்காகத்தான்.

பாதை உறுதியானதும் 20 முதல் 25 செ.மீ.க்கு ஒரு கிளிப், ஒவ்வொரு வளைவுக்கும் இரு பக்கமும் ஒன்று. கிளிப்பின் உள்ளே ரப்பர் இருக்கட்டும். எல்லா விளக்கும் எரிந்த பிறகே முழுக்க இறுக்குங்கள். பிரேக் பைப்போடும் பெட்ரோல் பைப்போடும் சேர்த்துக் கட்டாதீர்கள். தயாரிப்பாளரே அப்படி விட்டிருந்தால் ஒழிய, ஸில் பெட்டியின் உள்ளே விடாதீர்கள்; மழைத் தண்ணீர் வடியும் இடம் அது. மோட்டாரால் இயங்கும் கூரையாக இருந்தால் அந்த மோட்டாரின் தடித்த கேபிள், தனி சர்க்யூட் பிரேக்கரோடு தனியாகவே போக வேண்டும். விளக்கு ஒயர்களோடு ஒரே கட்டாகச் சுற்றாதீர்கள்.

கேள்வி: ஒயரிங் முடிந்து எல்லாம் எரிந்தது. ஸில் மேல் அலுமினியப் பட்டியை ஸ்க்ரூ போட்டு மாட்டியதிலிருந்து, பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போகிறது.

பதில்: ஸ்க்ரூதான். கூர்முனை ஸ்க்ரூ தகட்டைத் துளைத்து அடியில் ஓடும் ஒயரில் இறங்கியிருக்கிறது. ஃபியூஸை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். ஃபியூஸைக் கழற்றி, அந்த இரு முனைக்கும் இடையில் 21 வாட் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தாலும் பல்பைத் தாண்டி 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஒயர் கருகாது. அதே ஃபியூஸில் உள்ள மற்றவற்றை அணைத்துவிட்டு, இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். இப்போது சோதனை பல்ப் பளிச்சென்று எரியும். பட்டியின் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் அணையவில்லை என்றால் சீட் பெல்ட் போல்ட்டைப் பாருங்கள்.

காயம்பட்ட ஒயருக்கு டேப் மட்டும் சுற்றுவது போதாது. உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி, அதே தடிமன் ஒயரை கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நுழைத்து நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். சால்டரிங் வேண்டாம், ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் ஓரத்தில் அதிர்வால் முறியும். இரண்டு மூன்று ஒயர் வெட்டுப்பட்டிருந்தால் இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் முன்பின்னாக அமையட்டும். பட்டிக்கு மழுங்கிய முனையுள்ள குட்டை ஸ்க்ரூ போதும்.

கேள்வி: டெயில் லைட் போட்டபடி பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் கூடுவதற்குப் பதில் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது. ஹார்னஸ் மோசமா?

பதில்: ஹார்னஸைக் குறை சொல்லாதீர்கள், எர்த் இல்லை. விளக்கின் கூடு பாடியைத் தொட்டுத்தான் கரண்ட் திரும்ப வேண்டும். உங்கள் புதுப் பெயிண்ட் அதைத் தடுக்கிறது. திரும்பும் வழி அடைபட்டதும், 21 வாட் பிரேக் இழையில் போன கரண்ட் அதே பல்பின் 5 வாட் டெயில் இழை வழியாகப் பக்கத்து சர்க்யூட்டுக்குள் நுழைந்து வெளியேறப் பார்க்கிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்குகள் சேர்ந்து ஆடுகின்றன.

ஒவ்வொரு ஹோல்டரிலிருந்தும் 1.5 ச.மி.மீ. கறுப்பு ஒயர் ஒன்றை டிக்கிக்குள் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் நாணயம் அளவுக்குப் பெயிண்ட்டைப் பளபளவென்று சுரண்டி, வளைய லக், பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பிறகு எல்லா விளக்கும் எரியும்போது, ஹோல்டரின் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் சுரண்ட வேண்டும். 1967க்கு முந்தைய எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். அதில் எல்.இ.டி. பல்ப் வாங்கும்போது கவனம் தேவை.

கேள்வி: பிரிட்டிஷ் கார். துணி சுற்றிய பழைய ஒயர்களின் நிறம் எல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கட்டின் மேலுறையை அரை அடி நீளத்துக்குப் பிரியுங்கள், வெயில் படாத உள்பகுதியில் நிறம் பிழைத்திருக்கும். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையில் சிவப்பு டெயில் லைட், பச்சையில் ஊதாக் கோடு பிரேக் லைட், பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டர், பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் மீட்டர், வெறும் கறுப்பு எர்த். அப்படியும் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து முனைக்கு முனை சோதித்து, இரு முனையிலும் காகிதச் சீட்டு கட்டிவிடுங்கள்.

கேள்வி: 1966 ஃபோர்டு. புது ஹார்னஸ் போட்டதிலிருந்து டேங்க்கில் எவ்வளவு இருந்தாலும் மீட்டர் 'ஃபுல்' என்றே காட்டுகிறது.

பதில்: ஃப்ளோட்டுக்குப் போகும் ஒயர் பாடியைத் தொடுகிறது. ஃபோர்டில் டேங்க் காலியாக இருக்கும்போது ஃப்ளோட்டின் தடை சுமார் 73 ஓம், நிரம்பினால் 10 ஓம். ஒயர் பாடியில் பட்டால் தடை பூஜ்யம். முள் ஃபுல்லுக்கு ஓடும். (அதே காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 0 முதல் 90 ஓம், அங்கே இதே பழுது 'எம்ப்டி' காட்டும்.) ஃப்ளோட் முனையில் ஒயரைக் கழற்றுங்கள். முள் இறங்கினால் கோளாறு ஃப்ளோட்டில். இறங்காவிட்டால் டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டியைத் தளர்த்தி, அதற்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீண்ட நேரம் அப்படியே ஓட்டாதீர்கள், மீட்டரின் உள்சுருள் சூடாகிக் கெடும்.